தெரியாததற்கு ஒரு பெயர்

ஆனி மாதத்துச் சாரல் மேற்கு மலையைத் தாண்டிவந்து வயல்களின்மீது தூவத் தொடங்கும் நாள்களில்தான் நம் பக்கத்துப் பள்ளிகளும் திறக்கின்றன. அந்நாள்களில் வடகரைச் சிறுவர் சிறுமியர் நனைந்த தலையும் நனையாத புத்தகப் பையுமாக எங்கள் மாலை வகுப்புக்கு வந்து சேர்வார்கள். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர். இசுலாமிய, இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர். ஒரு வீட்டின் நீண்ட திண்ணையே வகுப்பறை. சென்ற ஆண்டு அப்படியொரு மாலையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இயற்கணிதப் பாடத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்:

"ஃபாதர், எங்க அப்பா தென்னந்தோப்புல வேலை பாக்காங்க. எங்க அம்மை பீடி சுத்துதாங்க. இந்த எக்ஸை அவங்க ரெண்டு பேருமே பாத்ததில்ல. நான் மட்டும் எதுக்குப் பாக்கணும்?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நான் ஏதோ சொல்லி அவனை அமர்த்தினேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஓராண்டாக அக்கேள்வி என் செப நேரத்திலும் கூடவே வந்து நிற்கிறது. இக்கட்டுரை அவனுக்கு நான் தரும் காலந்தாழ்ந்த விடை. இதற்குள் என் பாவ அறிக்கை ஒன்றும் அடங்கியிருக்கிறது என்பதை வாசகர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அரை விடைகள்

இக்கேள்விக்கு எளிய விடைகள் உண்டு. தேர்வில் தேற வேண்டும் என்பது ஒன்று. வேலை கிடைக்கும் என்பது மற்றொன்று. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் வந்தபின், நம் பக்கத்துத் தாய்மார்கள் இந்த இரண்டாவது விடையைப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்கிறார்கள். இவை பொய்யல்ல; ஆனால் அரை விடைகள். திண்ணையில் அமர்ந்திருக்கும் எல்லாரும் பொறியாளர் ஆகப்போவதில்லை. ஆகாதவர்களுக்கு அந்தப் பாடம் வீண்தானா?

வீண் என்று வாதிடுவோரும் உளர். அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஹேக்கர் 2012ஆம் ஆண்டு 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இயற்கணிதம் தேவையா என்னும் கேள்வியை எழுப்பினார். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இயற்கணிதத்தை ஓராண்டு கற்றபின் இரண்டாம் ஆண்டும் தொடர்ந்து கற்பிக்கின்றனர். பலர் படிப்பையே கைவிடுவதற்கு அது காரணமாகிறது என்பதும், பெரும்பாலான வேலைகளில் அது கைக்கே வருவதில்லை என்பதும் அவர் வாதம். ஏழைப் பிள்ளையின்மீது கொண்ட அக்கறையிலிருந்து பிறந்த வாதம் அது. ஒதுக்கிவிடத் தக்கதன்று.

அந்த இரண்டாம் ஆண்டுப் பாடம் நம் மாநிலத்தில் ஏறக்குறையப் பத்தாம், பதினோராம் வகுப்புகளில் வருகிறது. மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகள், இருபடிச் சமன்பாடுகள், தொடர்வரிசைகள், அணிகள், மடக்கைகள் என்று அது விரியும். கலப்பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பில் வரும். இவற்றுள் நான் இன்று அன்றாடம் பயன்படுத்துவது எதுவுமில்லை. பங்கின் வரவுசெலவுக்குக் கூட்டலும் கழித்தலும் போதும். ஆயினும், பயன் என்னும் ஒரே கோலால் அளந்தால் செபமாலையும் தேறாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பாடம் ஒரு பிள்ளையின் மனத்தை எந்த ஒழுக்கத்துக்குப் பழக்குகிறது?

ஒடிந்ததைச் சேர்த்தல்

முதலில் இக்கலையின் பெயரைப் பார்ப்போம். கி.பி. 820ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாக்தாத் நகரில் அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞர் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலிருந்த 'அல்-ஜபர்' என்னும் அரபுச் சொல்லே பின்னர் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் குறைந்து நிற்பதை ஈடுசெய்து நிறைவாக்குதல் என்பது அதன் கணிதப் பொருள். ஒடிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுதல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஸ்பெயின் நாட்டில் எலும்பு முறிவு வைத்தியரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே அழைத்தனர். இதைத் திண்ணையில் சொன்னபோது, ஓதும் பள்ளியில் அரபி எழுத்துக் கற்ற பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. தங்கள் வீட்டுச் சொல் ஒன்று கணிதப் புத்தகத்தின் அட்டைக்குள் இருப்பதை அவர்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அந்நூல் எதற்காக எழுதப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. சொத்துப் பிரிவினை, மரண சாசனம், வழக்கு, வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் துணையாகவே எழுதியதாக ஆசிரியர் தம் முன்னுரையில் குறிப்பிடுகிறார். நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகள். இறந்தவர் விட்டுச்சென்றதில் விதவைக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு என்று நீதி தவறாமல் பிரிக்க வேண்டிய கட்டாயமே அக்கணக்குகளைக் கேட்டது. உடன்பிறந்தோர் பாகப்பிரிவினையில் மனம் முறிந்து ஒரே திருப்பலியில் முகம் திருப்பி நிற்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒடிந்ததைச் சேர்க்கும் கலை என்னும் பெயர் மிகவும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

நம் நாட்டின் மரபு இதனினும் முந்தியது. பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிய நூலில் நேர் எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் கொண்டு விதிகள் வகுத்தார். தெரியாத எண்ணை 'அவ்யக்தம்', அதாவது வெளிப்படாதது, என்று நம் முன்னோர் அழைத்தனர். ஒரே கணக்கில் தெரியாதவை பல வந்தால் கருமை, நீலம், மஞ்சள், சிவப்பு என நிறங்களின் பெயரை இட்டனர். எக்ஸ், ஒய், இசட் என்னும் எழுத்துகளை அதற்குப் பயன்படுத்தும் வழக்கம் 1637இல் டேக்கார்ட் வெளியிட்ட வடிவியல் நூலால் பரவியது.

வெளிப்படாதது என்னும் சொல்லைச் சற்று நின்று பாருங்கள். தெரியாததை இல்லாதது என்று அச்சொல் தள்ளவில்லை. தெரிந்ததுபோல் பாவனை செய்யவும் இல்லை. இருக்கிறது, இன்னும் வெளிப்படவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. பின் அதற்கு ஒரு பெயர் கொடுத்து, தெரிந்த எண்களோடு ஒரே வரிசையில் மரியாதையாக அமர்த்துகிறது. இயற்கணிதத்தின் முதல் பாடம் இதுவே.

வயலும் குறை எண்ணும்

இரண்டாவது பாடம் சமக்குறியில் இருக்கிறது. நீளம் ஒத்த இரு இணைகோடுகளை அதற்கு அடையாளமாக்கியவர் ராபர்ட் ரெக்கார்டு. ஆண்டு 1557. அவற்றைவிடச் சமமான இரு பொருள்கள் வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். இடப்பக்கத்தில் 5ஐக் கழித்தால் வலப்பக்கத்திலும் 5ஐக் கழித்தாக வேண்டும். எனக்கு ஒரு நீதி, உனக்கு ஒரு நீதி என்பதற்கு அங்கே இடமில்லை. கள்ளத் தராசை ஆண்டவர் வெறுக்கிறார் என்று நீதிமொழிகள் நூல் சொல்வதைக் கடைக்காரர்களுக்கு மட்டும் உரியதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். தன் பிள்ளை பிந்தினால் சூழ்நிலை என்றும், அடுத்த வீட்டுப் பிள்ளை பிந்தினால் சோம்பல் என்றும் சொல்லும் நாவும் கள்ளத் தராசுதான்.

மூன்றாவதை ஒரு கணக்கால் சொல்கிறேன். செவ்வகமான ஒரு சிறு வயல், அதன் நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம், பரப்பு 300 சதுர மீட்டர், அகலம் எவ்வளவு? அகலத்தை எக்ஸ் என்போம். நீளம் எக்ஸ் கூட்டல் 5. இரண்டையும் பெருக்கி 300க்குச் சமப்படுத்தினால் இருபடிச் சமன்பாடு ஒன்று கிடைக்கும். அதைத் தீர்த்தால் இரண்டு விடைகள் வருகின்றன: 15, குறை 20. இரண்டும் சமன்பாட்டை நிறைவு செய்கின்றன. ஆனால் குறை 20 மீட்டர் அகலமுள்ள வயல் வடகரையில் இல்லை. உலகில் எங்குமே இல்லை. ஆகவே மாணவன் இரண்டாவது விடையை எழுதிக்காட்டி, காரணமும் சொல்லி, விலக்க வேண்டும். சத்தமில்லாமல் அடித்துவிட்டால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். தர்க்கத்துக்குப் பொருந்துவதெல்லாம் மண்ணுக்குப் பொருந்தாது. விலக்குவதானால் காரணம் சொல்லி விலக்கு. இவ்விரண்டையும் பதினைந்து வயதில் கையால் எழுதிக் கற்பது சிறு பேறன்று.

மேல்வகுப்பில் இன்னும் நுட்பமான ஒன்று வருகிறது. ஓர் எண்ணோடு 6ஐக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் அதே எண் வருகிறது, அது எது? இரு பக்கங்களையும் வர்க்கப்படுத்திக் கணக்கை முடித்தால் 3 என்றும் குறை 2 என்றும் விடைகள் வரும். முதல் வரியில் வைத்துப் பார்த்தால் 3 பொருந்துகிறது. குறை 2 பொருந்தவில்லை. 4இன் வர்க்கமூலம் 2 ஆகுமேயன்றிக் குறை 2 ஆகாது. நாம் ஒரு விதியையும் மீறவில்லை. ஆனாலும் பொய்விடை ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. வர்க்கப்படுத்தும்போது 2க்கும் குறை 2க்கும் இருந்த வேறுபாடு மறைந்துபோனதே காரணம். அதனால்தான் விடையைத் தொடக்கத்துக்குக் கொண்டுசென்று சரிபார்க்கச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடும் முறையோடும் செய்தவற்றிலும் பொய் புகுந்திருக்கக்கூடும் என்று எண்ணி, நாளின் முடிவில் நாளின் தொடக்கத்துக்குத் திரும்பிப் பார்ப்பதை நாம் ஆன்மசோதனை என்கிறோம்.

ஒரே ஒரு சமன்பாடு

இப்போது நான் தயங்கித் தயங்கி வந்த இடத்துக்கு வருகிறேன்.

ஒரு தொழுவில் ஆடுகளும் கோழிகளும் நிற்கின்றன. கால்கள் மொத்தம் 40. ஆடுகள் எத்தனை? சொல்ல இயலாது. ஐந்து ஆடும் பத்துக் கோழியுமாகலாம். எட்டு ஆடும் நான்கு கோழியுமாகலாம். தலைகள் 14 என்று இன்னொரு செய்தி கிடைத்தால்தான் ஆறு ஆடு, எட்டுக் கோழி என்று உறுதியாகும். தெரியாதவை இரண்டென்றால் ஒன்றையொன்று சாராத சமன்பாடுகள் இரண்டு வேண்டும், மூன்றென்றால் மூன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் இதை அறிவர். நானும் என் பதினைந்தாம் வயதில் கற்றேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்.

2004ஆம் ஆண்டு. நான் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இதே வட்டாரத்தில் பணியாற்றினேன். ஒரு பெண்பிள்ளை பத்தாம் வகுப்பில் கணிதத்தில் மட்டும் தவறினாள். 35 வேண்டிய இடத்தில் 27. அவளுடைய தாய் மதிப்பெண் சான்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "சாமி, திரும்பப் பரீட்சை எழுதச் சொல்லவா, பீடித்தட்டை எடுத்துக் குடுத்திரவா?" என்று கேட்டார். நான் அந்த எண்ணைப் பார்த்தேன். "கணக்கு வராத பிள்ளையை ஏன் வருத்த வேண்டும்? தையல் படிக்கட்டும், வீட்டுக்கும் உதவியாக இருக்கும்" என்றேன். இரக்கத்தோடு பேசியதாகவே எண்ணிக்கொண்டேன். தாயும் ஆறுதல் அடைந்து சென்றார். பேச்சு முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தையல் இயந்திரம் வாங்க வழியில்லாததால், அவள் கையில் வந்து சேர்ந்தது பீடித்தட்டுதான் என்பதைப் பின்னால் அறிந்தேன்.

வேறு சிலவற்றையும் பின்னால்தான் அறிந்தேன். அந்த ஆண்டு அவள் தந்தை நோயுற்று மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். இரண்டு மாதம் அவருக்குத் துணையிருந்தவள் அந்தப் பிள்ளை. பள்ளியில் இயற்கணிதம் நடத்தப்பட்டது அந்த இரண்டு மாதங்களில். வீடு திரும்பியபின்னும் இரவு பதினொரு மணிவரை தாயோடு அமர்ந்து பீடி சுற்றியிருக்கிறாள். இவற்றோடு பார்த்தால், 27 என்பது தோல்வியின் அளவாக எனக்குத் தோன்றவில்லை. வியப்புக்குரிய ஓர் உழைப்பின் அளவாகத் தோன்றுகிறது. என் முன் இருந்ததோ ஒரே ஒரு சமன்பாடு. தெரியாதவை நான்கோ ஐந்தோ. நான் அந்த ஒன்றைக்கொண்டே எல்லாவற்றுக்கும் விடை எழுதி, அந்தக் குழந்தையின் கணக்கை மூடிவிட்டேன். கணக்கில் தவறியவர் யார் என்று இன்று என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்.

பல பங்குகளில் பணியாற்றியபின் மீண்டும் இவ்வட்டாரத்துக்கே மாற்றலாகி வந்தேன். சென்ற ஆண்டு அந்தப் பெண் தம் மகளை மாலை வகுப்பில் சேர்க்க வந்தார். முப்பத்தேழு வயது இருக்கும். விரல் நுனிகள் காய்த்திருந்தன. என்னை அடையாளம் கண்டுகொண்டு வணக்கம் சொன்னார். மகளின் தோளைத் தொட்டு முன்னே நிறுத்தி, "சாமி, நல்லாச் சொல்லிக் குடுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க. இவளுக்குக் கணக்கு வராதுன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றார். குரலில் சினம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இருபது ஆண்டுகளாகப் பிறர் பாவ அறிக்கைகளைக் கேட்டுவரும் நான், அன்று என் பாவம் இன்னொருவர் வாயிலிருந்து வெளிவரக் கேட்டேன்.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை நான் பலமுறை மறையுரைக்கு எடுத்திருக்கிறேன். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் கேட்பது விசாரணைக் கேள்வி: பாவம் செய்தவர் இவரா, இவரைப் பெற்றவர்களா? அவர்கள் கையில் இரண்டு விடைகள் முன்னமே தயாராக இருந்தன. ஆண்டவர் இரண்டையும் மறுக்கிறார். இம்மனிதரிடத்தில் கடவுளின் செயல் இனிமேல்தான் வெளிப்பட வேண்டும் என்கிறார். வெளிப்படாததை வெளிப்படாததாகவே விட்டுவைத்து, அதற்காகக் காத்திருந்து உழைக்கும் பொறுமை அந்த மறுமொழியில் இருக்கிறது. மறையுரை சொன்ன எனக்கு அந்தப் பொறுமை ஐந்து நிமிடத்துக்குக்கூட இருக்கவில்லை.

இல்லை என்பதன் எல்லை

இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில் ஒரு வரி அடிக்கடி வரும்: மெய் மூலங்கள் இல்லை. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு 1ஐக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும் என்றால், நாம் அறிந்த எண்களுள் எதுவும் உதவாது. ஆனால் பாடநூல் சொல்லும் சொற்களைக் கவனியுங்கள். மூலங்களே இல்லை என்று அது சொல்வதில்லை. மெய்யெண்களுக்குள் இல்லை என்றே சொல்கிறது. தான் எந்த வேலிக்குள் நின்று பேசுகிறது என்பதை மறவாமல் சொல்லும் நேர்மை அது.

வேலிக்கு வெளியே நடந்த கதையும் சுவையானது. இத்தாலியரான கார்டானோ 1545இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். பத்தை இரு பகுதிகளாக்க வேண்டும்; அவற்றின் பெருக்கல் 40 ஆக வேண்டும். குறை எண்ணின் வர்க்கமூலம் இல்லாமல் அது முடியாது. அதைக்கொண்டு கணக்கை முடித்துக் காட்டிவிட்டு, நுட்பந்தான், ஆனால் பயனற்றது என்று அவரே ஒதுக்கினார். 1572இல் பொம்பெல்லி என்பவர் அத்தகைய எண்களைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். பயனற்றது என்று ஒருவர் கைவிட்ட எண்ணைத்தான் இன்று பொறியாளர்கள் மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளில் அன்றாடம் கையாளுகிறார்கள்.

"வழியில்லை" என்று நாம் ஏழைகளிடம் எத்தனை முறை சொல்கிறோம்! நான் அறிந்த வழிகளுக்குள் இல்லை என்று சொல்வதே உண்மையாக இருக்கும். அப்படிச் சொல்லியிருந்தால், அந்தத் தாய் வேறொருவரிடம் சென்று கேட்டிருப்பார்.

கவனம் என்னும் செபம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், சிமோன் வெய் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, டொமினிக்கன் சபைக் குரு பெரேன் அடிகளிடம் தந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்துவால் ஈர்க்கப்பட்டு, திருச்சபையின் வாயிலருகே நின்றபடியே வாழ்ந்து, 1943இல் தம் 34ஆம் வயதில் இறந்தவர் அவர். அவர் கருத்தின் சாரம் இது: கணக்கு ஒன்றோடு ஒரு மணி நேரம் போராடியும் விடை கிட்டாமல் போகலாம், ஆயினும் அந்த ஒரு மணி நேரக் கவனம் வீணாவதில்லை, அது ஒருநாள் செபத்தில் பலன் தரும். செபம் என்பது கடவுள்பால் செலுத்தும் முழுக் கவனமே. அயலாரை அன்பு செய்வதும் அத்தகைய கவனமே. துன்புறுகிறவரைப் பார்த்து, உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கத் தெரிவதில்தான் அது அடங்கியிருக்கிறது.

2004இல் என் முன் நின்ற தாயிடம் நான் கேட்கத் தவறியது அந்த ஒரு கேள்வியைத்தான்.

சிமோனின் தமையன் ஆந்த்ரே வெய் உலகறிந்த கணித அறிஞர்; 1930 முதல் 1932 வரை அலிகார் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அவர் பழகிய பிரெஞ்சுக் கணித வட்டத்திலிருந்து வந்தவர்தாம் இயேசு சபைக் குரு சார்ல்ஸ் ரசீன் அடிகள். 1937இல் தமிழகம் வந்த அவர் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பின்னர் சென்னை லயோலாக் கல்லூரியிலும் கற்பித்து, 1976இல் இறைவனடி சேர்ந்தார். தேர்வுக்கான பழைய கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட்டுப் பழகிய காலத்தில், தம் மாணவர்களைப் புதிய கணித நூல்களின் பக்கம் திருப்பி ஆராய்ச்சிக்குச் செல்ல ஊக்குவித்தார். வட ஆர்க்காட்டுத் தண்டரை என்னும் சிற்றூரில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும், சி. எஸ். சேஷாத்ரியும் அவரிடம் பயின்றவர்கள். இருவரும் சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. மாணவனிடத்தில் இன்னும் வெளிப்படாததற்கு இடம் கொடுத்த ஆசிரியராகவே ரசீன் அடிகளை நான் எண்ணுகிறேன்.

மனிதர் எக்ஸ் அல்லர்

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் தேவை. உவமையை அதன் எல்லைக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். எக்ஸ் 15 என்று கண்டபின் எக்ஸுக்கு அங்கு வேலையில்லை, கணக்கு முடிந்தது. மனிதர் அப்படியல்லர். போதிய சமன்பாடுகளைச் சேர்த்துவிட்டால் ஒருவரை முற்றும் அறிந்துவிடலாம் என்று நினைப்பது முந்தியதைவிடப் பெரிய தவறு. கத்தோலிக்க மெய்யியலார் கபிரியேல் மார்சல், சிக்கலுக்கும் மறைபொருளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியதைக் குருமடத்தில் படித்தோம். சிக்கல் நமக்கு எதிரே கிடக்கிறது. அதைத் தீர்த்துவிட்டு நடக்கலாம். மறைபொருளிலோ நாமும் உள்ளே நிற்கிறோம். அறிய அறிய அது ஆழமாகும். கடவுள் அத்தகையவர். அவர் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதரும் ஓரளவு அத்தகையவரே.

எனினும், தீரக்கூடிய சிறிய தெரியாதவற்றிடம் நேர்மையாக நடக்கப் பழகாதவர், தீராத பெரிய மறைபொருளின் முன் எப்படிப் பணிவார்? மூன்றாம் வரியில் பொறுமையிழந்து விடையை ஊகித்து எழுதும் கைதான், பின்னொரு நாள் ஒரு மனிதரைப் பற்றியும் ஊகித்து எழுதுகிறது. என் கை அதைத்தான் செய்தது. இயற்கணிதம் கற்றவர்கள் எல்லாரும் நீதிமான்கள் ஆகிவிடுவதில்லை. அதற்கு நானே சான்று. பாடத்தைத் தேர்வு அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அது பாடத்தின் குறையன்று. ஹேக்கர் அவர்களுக்கும் என் மறுமொழி இதுவே. பிள்ளைகளை வடிகட்டும் சல்லடையாக இப்பாடத்தை ஆக்கியது நாம். நாமாகவே அதைத் திருத்தவும் முடியும்.

ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்போடு பரிகாரமும் உண்டு. நான் என் பரிகாரத்தைத் தேர்ந்துகொண்டிருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் மாலையில், திண்ணையில், பத்தாம் வகுப்பில் தவறிய பெண்பிள்ளைகளுக்கு இயற்கணிதம். பாடத்தைத் தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: அந்தப் பாடம் நடந்தபோது நீ எங்கே இருந்தாய்? வரும் விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். தம்பிக்கு அம்மை போட்டிருந்தது என்கிறாள் ஒருத்தி. பீடிக்கடையில் கணக்கு ஒப்படைக்கும் நாள் என்கிறாள் ஒருத்தி. கணக்கு வராது என்று யாரோ சொன்னதால் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்கிறாள் இன்னொருத்தி.

என்னைக் கேள்வி கேட்ட மாணவன் இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்கு என் விடை இதுதான்: தம்பி, உன் தாயும் தந்தையும் எக்ஸைப் பார்த்ததில்லை என்றாய். ஆனால் அவர்களை ஒரே எண்ணால் அளந்து ஒதுக்கியவர்கள் பலர். நாளை உன் முன் ஒருவர் வந்து நிற்கும்போது, இவரைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன என்று முதலில் எழுதிக்கொள்ளும் பழக்கம் உன் கைக்கு இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்காகவே இதைப் படி.

பெற்றோரே, ஆசிரியரே, என் உடன்பணியாளரே, உங்களிடம் நான் கேட்பது சிறிது. "இதற்குக் கணக்கு வராது" என்ற சொல்லை நாவின் நுனியில் உணரும்போது, அதை அங்கேயே நிறுத்தி, "என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். கேட்டபின், விடை வரும்வரை அங்கேயே இருங்கள்.